தங்கைக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலிக்கே மாற்றல் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாப்பாவை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும்; அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விளம்பரத்தில் உள்ள பள்ளி வேண்டாம். ஆறாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங் என்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு அது எதற்கு? காலையில் வேன் ஏறிப்போய் இருட்டும்போது இறங்கினால், இந்த ஊரில் இருந்தும் அவளுக்கு இந்த ஊர் கிடைக்காது.

இங்கே பள்ளியும் கல்லூரியும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. சாராள் தக்கர் கல்லூரி 1895-இல் வந்தது, சவேரியார் கல்லூரி 1923-இல். மிஷனரிகள் ஆரம்பித்த பழைய பள்ளிகள் பலவும் இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுப்பதால் பீஸ் நம் கைக்கு அடங்கும்.

ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் இங்கேதான். எங்கள் பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக்காட்டப் போவாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். அவள் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் தடித்த தாளில் பிரெய்ல் ஊசியால் குத்திக் குறிப்பெடுத்தார்கள். "மேப்பை விட்டுட்டீங்கக்கா, அதையும் சொல்லுங்க" என்றான் ஒரு பையன். அவள் அவன் விரலைப் பிடித்து மேசைமேல் வைத்து, தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி, புன்னைக்காயலில் கடல் சேரும்வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். முடிந்ததும் அவன் தானாக ஒருமுறை இழுத்துப் பார்த்தான். நம் பாப்பா இதையெல்லாம் பார்த்து வளர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நன்றாக யோசி. அவளுக்கு டாக்டர் ஆசை உண்டு என்றாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இலிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. மாநகராட்சிப் பள்ளி வரும். இது பலருக்கும் பிள்ளை பன்னிரண்டாவது வந்தபிறகுதான் தெரிகிறது. ஆனால் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் போதும்.

என்னைக் கேட்டால், டவுன் கல்லணை மாநகராட்சிப் பெண்கள் பள்ளியை முதலில் பாருங்கள். ஆற்றுப்பாலம் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும், அவ்வளவுதான். பேர்பெற்ற பள்ளி, இடத்துக்குப் போட்டி அதிகம். அங்கே கிடைக்காவிட்டால் நம் தெருப்பக்கத்து உதவி பெறும் பள்ளி. எதில் சேர்ந்தாலும் சனிக்கிழமை கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு நான் கூட்டிப்போகிறேன்.

வீடு பார்க்கும் வேலையை என்னிடம் விடு. நீ டி.சி. வாங்கும்போது எமிஸ் நம்பரையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் கையோடு கொண்டுவா. அட்மிஷன் தொடங்கும் முன்னே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா