எத்தனை இஞ்ச் சக்கரம்?

கல்லூரியில் சேர்ந்திருக்கும் எங்கள் காலனித் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, பஸ்ஸை நம்பினா முதல் வகுப்பு போயிடுது. சைக்கிள் வாங்கப் போறேன். எத்தனை இஞ்ச் சக்கரம் வாங்கறது?"

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 28 இஞ்ச்தான். எங்கள் அப்பாக்கள் நெல்மூட்டை ஏற்றிய கறுப்பு வண்டி. பெரிய சக்கரம் குண்டு குழியில் அதிகம் குலுக்காது. அதில்தான் குரங்குபெடல் போட்டுப் பழகினோம். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் அப்பாக்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதையும் கேரியரில் உட்கார்ந்தபடி பார்த்தோம். தெரு முடிந்த பிறகுதான் மறுபடி ஏறுவார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

தங்கை குள்ளம். போக வர 14 கிலோமீட்டர், பாதி மண்சாலை. அவளுக்கு 26 இஞ்ச் போதும் என்றோம். ஆனால் 26-லும் இரண்டு வகை உண்டு தோழர்களே. பழைய லேடீஸ் சைக்கிளின் 26×1⅜ டயருக்கு ரிம் 590 மில்லிமீட்டர். தடித்த டயர் போட்ட மலையேற்ற வகைக்கு 559. பெயர் ஒன்று, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். 700சி என்றால் 622. தார்ச்சாலையில் நன்றாக ஓடும். வாங்கும் முன் உங்கள் பஞ்சர் கடைக்காரரிடம் எந்த டயரும் ட்யூபும் கைவசம் இருக்கும் என்று கேளுங்கள். சக்கரத்தைவிட ஃபிரேம் உயரம் முக்கியம். சீட்டிலிருந்து இறங்கி நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும்.

தமிழக அரசு 2001-02இல் இலவச சைக்கிளை முதலில் கொடுத்தது பிளஸ் ஒன் படித்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத்தான். வண்டி வந்த பிறகும் ஊர்த்தெரு அப்படியேதான் இருந்தது.

ஒன்றை மனதில் வையுங்கள். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(za), பொது இடத்தில் நாம் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. யாராவது இறங்கச் சொன்னால் நாள், நேரம், சொன்னவர் பெயர், பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

தங்கை 26×1⅜ வாங்கினாள். முதல் வாரம் நாங்கள் நான்கு பேரும் அவளோடு போனோம். ஊர்த்தெருவில் யாரும் இறங்கவில்லை. இரண்டாம் வாரம், "நீங்க வர வேணாம்ண்ணே, நானே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.