கராஜுக்கு மேல் ஓர் அறை

ஜனவரி 9, மார்க்கம்

மாமா போன பிறகு மாமி எங்களோடு இருக்கிறார். மகன் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போனதால் காலியாகக் கிடந்த கராஜ் மேலறைதான் அவருக்கு. வீட்டிலேயே பெரிய ஜன்னல் அதில்தான். தன் அப்பார்ட்மென்டை மாமி இன்னும் விடவில்லை. மாதாமாதம் வாடகை கட்டுகிறார். அதைப் பற்றி நாங்கள் யாரும் கதைப்பதில்லை.

வெளியே மைனஸ் 19. ஹோலில் 21 பாகை, மாமியின் அறையில் 15. "குளிருதோ மாமி?" என்று கேட்டேன். "சாவகச்சேரியில பள்ளிக்கூடச் சீமெந்துத் தரையில பாயில்லாமல் படுத்தனாங்கள். இது ஒரு குளிரே பிள்ளை?" 1995 போர்க்கால இடப்பெயர்வைச் சொல்லிவிட்டால் பிறகு என்னால் வாய் திறக்க முடிவதில்லை. அப்போது அவருக்கு நாற்பது சொச்சம். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்.

ஜனவரி 11

இவர் ஒரு ஹீற்றர் வாங்கி வந்தார், 1500 வாற்று. மாமி அயர்ன் பெட்டியைப் போட்டதும் பிரேக்கர் விழுந்து மேல்மாடி முழுக்க இருட்டு. டோர்ச் அடித்துப் பார்த்தால், போர்வை நுனி ஹீற்றருக்கு ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. ஹீற்றரைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

மைனஸ் 23. எழுத மனமில்லை.

ஜனவரி 17

மாமாவின் படத்துக்கு மாமி ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். படம் வெளிச்சுவர் ஓரம், சின்ன முக்காலியில். புகை நேரே எழவில்லை. கொஞ்சம் எழும்பியதும் சுவர்ப்பக்கமிருந்து அறைக்குள் சாய்ந்தது. குனிந்து பேஸ்போர்டுக்குக் கீழே கையை வைத்தேன். காற்று! ஊதுபத்தியை எடுத்து சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனேன். பிளக் பொயின்டில், ஜன்னலுக்குக் கீழே, மூலையில், எல்லா இடத்திலும் புகை சாய்கிறது. மாமி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலில் இரண்டு சோடி மேஸ்.

ஜனவரி 24

கொன்ராக்டர் வந்தார். நம்மூர்க்காரர்; அதிகம் பேசாதவர். கராஜ் கூரையில் ட்ரைவாலைச் சதுரமாக வெட்டி இறக்கினார். உள்ளே இளஞ்சிவப்பு ஃபைபர்கிளாஸ் பஞ்சு. மேலே தரைப்பலகையோடு ஒட்டியிருக்க வேண்டியது, கீழே தொய்ந்து ட்ரைவாலின் மேல் படுத்திருந்தது. இடையில் மூன்று விரல் வெளி. பஞ்சில் ஆங்காங்கே கறுப்பு. பூஞ்சணம் என்று நினைத்தேன். "இல்லை அக்கா, அது ஊத்தை. காத்து போன வழி. பஞ்சு சூட்டைப் பிடிக்கும், காத்தை மறிக்காது. வலைக்குள்ளால தண்ணி போற மாதிரிப் போகும்."

அறைக்குச் சூடு கொண்டுபோகும் தகரக் குழாயும் அந்தக் குளிருக்குள்ளேதான் ஓடுகிறது, மேலே ஒரு சுற்றும் இல்லாமல். ஃபர்னஸிலிருந்து ஆகத் தொலைவான அறை இது. வழி நெடுக சூட்டை இழந்துதான் வந்து சேர்கிறது. உத்தரங்கள் கராஜைத் தாண்டி வீட்டுக்குள்ளும் நீள்கின்றன. சுவருக்கு மேலே உத்தரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை யாரும் அடைக்கவில்லை. குசினிக் கூரைக்குள்ளும் குளிர் புகுந்துகொண்டிருந்திருக்கிறது.

இன்று ஒன்ராறியோவில் புது வீடு கட்டினால் கராஜுக்கு மேலுள்ள தரைக்கு ஆர்-31 அளவு வெப்பக்காப்பு வேண்டும். குளோஸ்ட்-செல் ஃபோம் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6 தரும், காற்றையும் மறிக்கும். ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட அடிக்கலாம் என்றார். அடித்த பிறகு அதை ட்ரைவாலால் மூடியே ஆக வேண்டும். திறந்து கிடந்தால் தீ ஆபத்து.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "காத்து வாற வழியால கார்ப் புகையும் வரும்."

ஜனவரி 25

நித்திரை இல்லை. இவர் காலையில் கராஜுக்குள்தான் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்குவார். கதவைத் திறந்துதானே விடுகிறேன் என்கிறார். திறந்தாலும் கார்பன் மொனொக்சைட் தங்கும், மேலே ஏறும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கு நேர் மேலேதான் உங்கள் அம்மாவின் தலையணை என்று கத்திவிட்டேன். கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அலார்ம் இருக்க வேண்டுமென்பது இங்கே 2014 முதல் சட்டம். எங்களிடம் ஒன்று இருக்கிறது, எங்கள் அறை வாசலில். மாமியின் வாசலுக்கும் ஒன்று வாங்கிப் பூட்டினேன். இனிக் கார் வெளியில்தான் சூடாகும்.

பெப்ரவரி 13

இன்று ஃபோம். ஒரு நாள் முழுக்க வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. நாங்கள் மச்சாள் வீட்டுக்குப் போனோம். மாமி தன் அப்பார்ட்மென்டில் இறக்கிவிடச் சொன்னார்.

பெப்ரவரி 15

மாமி இன்னும் வரவில்லை. போன் எடுத்தேன். "மணம் போகட்டும் பிள்ளை." மணம் நேற்றே போய்விட்டது என்றேன். "ம்" என்றார்.

பெப்ரவரி 17

வந்துவிட்டார். குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன்.

பெப்ரவரி 22

மைனஸ் 17. அறையில் 20! வெறுங்காலோடு போய் நின்றேன். ட்ரைவாலும் மூடியாயிற்று. குசினியில்கூட வித்தியாசம் தெரிகிறது. மாமி சால்வையைக் கழற்றவில்லை. "பழகிப்போச்சுது."

மார்ச் 1

மாமி மார்ச் வாடகையும் கட்டிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே மேற்கு மூலையில் இன்னும் காற்று வருகிறது. ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். அது தரையல்ல, சுவர். உள்ளேயிருந்து திறக்க வேண்டுமாம். திங்கட்கிழமை கொன்ராக்டரைக் கூப்பிட வேண்டும்.