உண்டியற் காசும் தக்காணப் பயணமும்

நம் குடும்பங்களில் பயணத்துக்கென ஏற்கப்பட்ட காரணங்கள் சிலவே. ஹஜ், உம்ரா, நாகூருக்கோ ஏர்வாடிக்கோ ஸியாரத், உறவினர் வீட்டு நிக்காஹ், மருத்துவம், வளைகுடாவில் பிழைப்பு. இவையன்றி, பழங்கட்டடங்களைக் காண்பதற்காகப் பிள்ளைகுட்டிகளோடு ஈராயிரம் கிலோமீட்டர் அலைவது வீண்விரயம் என்பதே பொதுக் கருத்து. பூமியிற் பயணித்து முன்னோரின் முடிவை நோக்குமாறு திருமறை பலவிடங்களில் பணிப்பதை நாம் அறிவோம். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, நம் மதுரை வரை வந்து போனதையும் வகுப்பில் படிக்கிறோம். படிப்பதோடு சரி!

மாதச் சம்பளக் குடும்பம் எங்களுடையது. மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டரை ஆண்டுகள் உண்டியலில் சேர்த்தோம். 45,000 ரூபாய் ஆயிற்று. 2023 டிசம்பரில் ஒரு பவுன் தங்கத்தின் விலையும் ஏறத்தாழ அதுவே. குடும்பத்தில் மூத்தவரான பெரியத்தா இதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. “பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறீர்களா? அவள் பேரில் ஒரு பவுன் வாங்கி வையுங்கள்” என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது, கணக்கும் இருந்தது. ஆயினும், மறு ஆண்டு பொதுத்தேர்வு, அதன்பின் கல்லூரி, விடுதி எனப் பெரியவள் பிரிந்துவிடுவாள். ஐவரும் ஒன்றாகப் புறப்பட வேறு அரையாண்டு விடுமுறை கிட்டுமா என்பது எங்கள் கவலை.

சிக்கனத்தின் நுட்பங்கள் பிள்ளைகளின் வயதைப் பொறுத்தே அமைந்தன. 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரயில்வே விதிப்படி, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம், வேண்டாமெனில் பாதி. பதினொரு வயது மகனுக்கு முழுச் சீட்டு எடுத்தோம். ஏழு வயதுச் சின்னவள் பாதிச் சீட்டில் அம்மாவோடு ஒண்டிக்கொண்டாள். தொல்லியல் துறைச் சின்னங்களில் பதினைந்து வயது வரை நுழைவு இலவசம். முதல் நாளுக்கு எலுமிச்சைச் சோறு, மறுநாளுக்குச் சப்பாத்தி. தங்குமிடம் எங்கும் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு விடுதி. பயணிக்குரிய சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதபோது, மார்க்கம் பயணியை எவ்வளவு பரிவோடு நினைத்திருக்கிறது என்று மகன் வியந்தான். பள்ளிக்கூட நாளிலும் அச்சலுகை உண்டா என்றும் கேட்டான்!

சென்னையிலிருந்து முதலில் கலபுரகி, அதாவது பழைய குல்பர்கா. அங்கே காஜா பந்தே நவாஸ் அவர்களின் தர்காவையும், கோட்டைக்குள் 1367இல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசலையும் கண்டோம். திறந்த முற்றம் இல்லாமல் முழுவதும் கூரையிட்ட பள்ளிவாசல் அது. வரிசை வரிசையாய் வளைவுகள். நிற்குமிடம் மாறுந்தோறும் வளைவுக்குள் வளைவாகக் காட்சி மாறுகிறது.

அடுத்தது பீஜப்பூர். முகம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலமான கோல் கும்பஸ் 1656ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் செஞ்சிக் கோட்டையை 1640களின் இறுதியில் கைப்பற்றியது இவருடைய படையே. வெளிவிட்டம் 44 மீட்டர் கொண்ட குவிமாடம், உள்ளே ஒரு தூணுமின்றி நிற்கிறது. கூட்டம் சேருமுன் மூலைக் கோபுரப் படிகளில் ஏறி உள்மாடத்தை அடைந்தோம். சின்னவள் சுவரில் வாய்வைத்து அண்ணனின் பட்டப்பெயரை முணுமுணுத்தாள். எதிர்ப்புறம் நின்ற அவன் அதைத் தெளிவாகக் கேட்டுக் கோபித்தான். ஒலியியலை இதைவிட எளிதாய் எப்பாடநூல் கற்பிக்கும்?

அங்கிருந்து சோலாப்பூர் வழியே அவுரங்காபாத். 2023 முதல் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். செவ்வாய்க்கிழமை எல்லோராவுக்கு விடுமுறையாதலின், அன்று பீபீ கா மக்பராவுக்குச் சென்றோம். அவுரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானுவின் அடக்கத்தலம் அது. தாஜ்மஹாலின் சாயலே. ஆனால் பளிங்கு குவிமாடத்திலும் சுவரின் அடிப்பகுதியிலும் மட்டுமே. எஞ்சிய இடங்களில் கருங்கல்லின்மேல் சுண்ணப்பூச்சு. தாஜ்மஹாலுக்கு மூன்று கோடிக்கு மேல் ஆயிற்றென்றும், இதற்கு ஏழு இலட்சத்தை எட்டவில்லையென்றும் கூறுவர். “அவர்களும் உண்டியலில் சேர்த்தார்களா, அத்தா?” என்றாள் சின்னவள். ஏழைகளின் தாஜ் என்று பலர் எள்ளுவது எங்களுக்கு உடன்பாடன்று. கையிருப்புக்குள் எழுப்பிய அன்பும் அன்புதானே!

மறுநாள் எல்லோரா. பௌத்தம் 12, இந்து 17, சமணம் 5 என 34 குகைகள். பதினாறாம் குகையான கைலாசநாதர் கோயிலை மலையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் காலத்துப் பணி. பெரியவள் வரைதாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், இரண்டு மணிநேரம் எழவில்லை. பிற்பகல் அருகிலுள்ள குல்தாபாத்தில் அவுரங்கசீப்பின் கப்ரைக் கண்டோம். மேலே கூரையில்லை, வானந்தான். தொப்பி தைத்து ஈட்டிய சிறு தொகையிலேயே தம் அடக்கத்தை முடிக்குமாறு அவர் சொன்னதாக வழங்குகிறது.

அன்றிரவு விடுதியில் கணக்குப் பார்த்தோம். நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஜந்தாவுக்குச் செல்வதானால் மேலும் ஓரிரவு தங்க வேண்டும். ஹைதராபாத்தை விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் பணமும் நாளும் போதா. பெரியவள் அஜந்தா என்றாள். ஓவியங்களுக்காகவே அவள் இப்பயணத்தை எதிர்நோக்கியிருந்தாள். மகனோ கோல்கொண்டா என்றான். வாயிலில் தட்டும் கைத்தட்டல் மலையுச்சியில் கேட்கும் விந்தையை அவன் படித்திருந்தான். ஹைதராபாத்துக்கும் அங்கிருந்து ஊருக்கும் சீட்டுகள் முன்பதிவாகியிருந்தன. நாங்கள் ஹைதராபாத் என்றே முடிவு செய்தோம். ரயிலில் அவள் யாரோடும் பேசவில்லை. 1591இல் எழுந்த சார்மினாரைக்கூடச் சற்றே நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவே. கோல்கொண்டாவில் தம்பி கைதட்ட, உச்சியில் நின்று கேட்டுச் சொல்ல அவளைத்தான் அனுப்பினோம். “கேட்டது” என்று கையசைத்தாள். அப்போதும் சிரித்தாளா என்பது கீழிருந்து தெரியவில்லை.

ஊர் திரும்புகையில் உண்டியலில் 740 ரூபாய் மிச்சம். 2025இல் தங்கத்தின் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. பெரியத்தா அதையும் நினைவூட்டினார். அவருடைய கணக்குக்கு எங்களிடம் மறுகணக்கு இல்லை. எல்லோராவில் வரைந்த தாளைப் பெரியவள் அவரிடம் கொடுத்தாள். கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது கல்லா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறாள். தம்பிக்குப் பன்னிரண்டு கடந்து பாதிச் சீட்டின் பேச்சுக்கே இடமில்லை. உண்டியல் மீண்டும் பாதி நிறைந்திருக்கிறது. அதன்மேல் அஜந்தா என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அங்கே திங்கட்கிழமை விடுமுறை என்பதைச் சின்னவள் அடியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறாள்.