ஜப்பானியக் கோடையும் ஒரு பின்னல் பையும்

ஜப்பான் குளிர் தேசந்தானே, அங்கே வெயில் என்ன பிரமாதமாக அடித்துவிடப் போகிறது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஜூலை மாதத்தில் டோக்கியோ நகரில் போய் இறங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். மழைக் காலம் இன்னும் முழுதும் விலகியிராது. காற்றில் ஈரம் ததும்பி நிற்கும். சட்டை முதுகோடு ஒட்டிக் கொள்ளும். ஆயினும் அந்நாட்டு ஜனங்கள் வெயிலை வைதுகொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. இந்த வாரத்துக்கு ஒரு சந்தை, அடுத்த வாரத்துக்கு ஒரு திருவிழா, இந்த மாதத்துக்கு ஒரு பூ, அதற்கேற்ற பலகாரம் என்று ஏற்படுத்தி வைத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள் கையில் தவறாமல் ஒரு பை இருக்கும். எங்கள் கண்ணைக் கவர்ந்தது அந்தப் பைதான்.

ஜப்பானியரின் பழைய உடையாகிய கிமோனோவில் நம் சட்டையில் இருப்பது போன்ற பை கிடையாது. தொங்கும் கைப்பகுதியிலும் இடைக்கச்சையிலும் சில்லறைச் சாமான்களைச் செருகிக் கொள்ளலாமே தவிர, அதிகமாக ஒன்றும் கொள்ளாது. ஆகவே சிறு பைகள் அங்கே தொன்றுதொட்டு அவசியமாயின. கோடைத் திருவிழாக்களுக்கு ஆணும் பெண்ணும் யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கியை அணிந்து வருவார்கள். பெண்கள் கையில் கின்சாகு என்னும் சுருக்குப் பை தொங்கும். அடிப்பாகம் சின்னஞ்சிறு மூங்கில் கூடை; மேற்பாகம் துணி; வாயில் சுருக்குக் கயிறு. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப் பையைக் கூடைமேல் உட்கார்த்தி வைத்தாற்போல் இருக்கும். சாதாரண உடையில் வருகிறவர்களோ நார் போன்ற நூலால் பின்னிய கைப்பைகளைக் கொண்டு வருகிறார்கள். அவற்றில் எத்தனையோ வீட்டிலேயே பின்னப்பட்டவை. 2020-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டுமென்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் இந்தப் பைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கிறது.

டோக்கியோவில் நாங்கள் முதலில் பார்த்தது இரியா என்னும் பேட்டையில் ஜூலை 6 முதல் 8 வரை நடக்கும் பூச்சந்தை. அங்கே விற்பது ஒரே ஒரு கொடிப்பூ. விடியுமுன் மலர்ந்து உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும் அந்தப் பூவின் முகத்தைக் காண வேண்டுமானால் நாமும் விடியற்காலையிலேயே எழுந்தாக வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும், அதாவது 9, 10 தேதிகளில், அருகிலுள்ள அஸகுஸாவில் ஸென்ஸோஜி என்ற ஆலயத்தில் மற்றொரு சந்தை. நம் வயல் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் உறவான ஒரு செடியை, செக்கச் செவேலென்ற காய்க்கூடுகளோடு தொட்டியில் வைத்து விற்கிறார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு காற்று மணி கட்டியிருக்கும். நூற்றுக்கணக்கான மணிகள் ஏக காலத்தில் கிணுகிணுக்கையில் வியர்வை கொஞ்சம் அடங்கினாற்போலவே தோன்றுகிறது. அந்த ஆலயத்தின் மூர்த்தி கன்னோன். நம் பௌத்த நூல்கள் அவலோகிதேச்வரர் என்று சொல்பவர்தாம். அன்று ஒரு நாள் தரிசித்தால் 46,000 நாள் தரிசித்த பலன் உண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நூற்று இருபத்தாறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. இவ்வளவு தாராளமான வட்டியை எந்த பாங்கியும் கொடுக்காது!

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நூல் கடைக்குள் நுழைந்தோம். கோடைக்கென்றே தனி நூல் வைத்திருக்கிறார்கள். கம்பளி இந்தப் புழுக்கத்தில் கையில் ஒட்டும். ஆகையால் மரக்கூழிலிருந்து செய்த ரேயான் நாடா, காகித நூல், சணல் முதலியவை. ரேயான் நாடா பார்வைக்குப் பனை நார் போலவே இருக்கும். நனைந்தால் மட்டும் வலுக் குறையும். 40 கிராம் கண்டு ஐந்தும், ஒரு கொக்கி ஊசியும், ஒரு பையின் பின்னல் படமும் வாங்கினோம். கடைக்கார அம்மாளுக்கு எங்கள் பாஷை தெரியாது. எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை. ஜப்பானியப் பின்னல் புஸ்தகங்களில் வாக்கியங்கள் குறைவு, எல்லாம் குறிகள். சங்கிலிக் கண்ணிக்கு ஒரு சிறு வட்டம், ஒற்றைக் கண்ணிக்கு ஒரு பெருக்கல் குறி, இப்படி. தேசத்தின் தொழில் தர விதிகளிலேயே இக்குறிகளுக்கு ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். ஸங்கீத ஸ்வரக் குறிப்பைப் போல, படிக்கத் தெரிந்தவன் எந்தத் தேசத்தானானாலும் பின்னிவிடலாம்.

பையின் கணக்கும் அழகான கணக்கு. நடுவில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, பிறகு இருபத்து நான்கு. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் விரியும். இருபதாவது சுற்றில் 120 கண்ணி. வட்டத்தின் குறுக்களவு ஒரு சாண். அத்துடன் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டியது. நிறுத்திய உடனே பின்னல் மேல்நோக்கித் திரும்பிச் சுவராக எழும்புகிறது. சுவருக்கு இருபத்தைந்து சுற்று. அடியும் சுவருமாகச் சேர்த்தால் 4,260 கண்ணிகள், கைப்பிடி வேறு. வகுப்பில் கூட்டுத் தொடரைக் கண்டு கொட்டாவி விடும் பிள்ளைகளுக்கு இதைக் கொண்டு சொல்லிக் கொடுத்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றிற்று.

அன்று முதல் அந்தப் பை எங்களோடு பிரயாணம் செய்தது. பூங்கா பெஞ்சியில் நாலு சுற்று, பார்லி கஷாயம் குளிர்ந்து வரும்வரை இரண்டு சுற்று, ரெயிலில் பத்துச் சுற்று. எங்கள் இருவரில் யார் பின்னுகிறவர் என்ற கேள்வி முதல் இரண்டு நாள் எழவில்லை. வழக்கப்படி ஸ்திரீயின் கையில் ஊசியும் புருஷன் கையில் நூல்கண்டுமாக இருந்தது. மூன்றாம் நாள் ஜப்பானியப் பின்னலின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தோம். மேனாட்டுப் பின்னல் அங்கே காலுறையாக வந்து சேர்ந்தது. காலுறைக்கு ஸ்பானிய, போர்த்துக்கீசிய பாஷைகளிலுள்ள சொல்லே ஜப்பானியர் வாயில் 'மெரியாஸு' ஆயிற்று. இலங்கையில் காலுறையை 'மேஸ்' என்பதும் அந்தப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்தான். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மீட்டோ சீமையின் பிரபு தொகுகாவா மிட்சுகுனியின் பின்னற் காலுறைகள் இன்றும் பத்திரமாய் இருக்கின்றன. பிற்காலத்தில் இந்தப் பின்னலைச் செய்து பிழைத்தவர்கள் யார் தெரியுமா? இடையில் இரண்டு வாள் செருகிய சாமுராய் வீரர்கள்! சொற்பச் சம்பளம் போதாத கீழ்ப்படி வீரர்கள் வீட்டில் உட்கார்ந்து கையுறையும் காலுறையும் வாளுறையும் பின்னி விற்றார்கள். இதைப் படித்த பிறகு நூல்கண்டு பிடித்தவர் சும்மா இருக்க நியாயமில்லை. அன்றிலிருந்து சுவரில் ஒன்றுவிட்டு ஒரு சுற்று அவருடையது.

கைவேலையைப் பற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 1937-ல் ஜப்பான் சீனாவின்மேல் பெரும் யுத்தம் தொடுத்த காலத்தில், தெரு முனைகளில் ஸ்திரீகள் ஒரு துணியும் சிவப்பு நூலும் ஏந்தி நின்று, போகிற வருகிற பெண்களை ஆளுக்கொரு முடிச்சுப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஆயிரம் பெண்கள் ஆயிரம் முடிச்சுப் போட்ட அந்தக் கச்சை சிப்பாயைக் குண்டிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. புலி வருஷத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வருமாம். பள்ளிக்கூடத்துப் பெண்களும் குழந்தைகளும் சோப்பு, இனிப்பு, கடிதம் எல்லாம் இட்டுப் போர்முனைக்கு அனுப்பிய பைகளுக்கு இமோன் புகுரோ, அதாவது ஆறுதல் பை, என்று பெயர். அந்தப் பைகளைப் பெற்றவர்கள் நான்கிங்கிலும் மற்ற ஊர்களிலும் செய்த காரியங்களை உலகம் அறியும். முடிச்சுப் போட்ட தாய்மார்களின் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அதை ராணுவம் தன் கணக்கில் வரவு வைத்துக் கொண்டது. அதே ஆண்டுகளில் நம் தேசத்தில் ராட்டினம் சர்க்காரை எதிர்த்துச் சுழன்று கொண்டிருந்ததை எண்ணிப் பார்த்தோம். கைவேலை தன்னால் புண்ணியமாகிவிடும் என்று பேசுகிறவர்களோடு எங்களுக்கு அன்றிலிருந்து முழு உடன்பாடு இல்லை.

சுவர் பாதி எழும்பியிருந்தபோது டோக்கியோவை விட்டு வடக்கே புறப்பட்டோம். கோரியாமா வரை அதிவேக ரெயில். அங்கிருந்து ஐஸு வகமட்ஸு. பிறகு தடாமி மலை ரெயில். இதில் ஓடுபவை ஒன்றிரண்டு பெட்டி கொண்ட டீசல் வண்டிகள். நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். 2011-ஆம் வருஷம் ஜூலை மாதப் பெருமழையில் இந்தப் பாதையின் பாலங்கள் அடித்துக்கொண்டு போய், முழுப் பாதையும் மறுபடி திறக்கப்பட்டது 2022 அக்டோபர் முதல் தேதியில். பதினோரு வருஷம்! லாபக் கணக்குப் பார்த்தால் மூடியே விட்டிருக்கலாம். மலைக் கிராமத்தார் விடவில்லை. கோடைக் காலையில் ஆற்றின்மேல் வெண்பனி திரண்டு கிடக்க, அதன்மேல் கமானாக வளைந்த பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும் காட்சிக்காகவே வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வந்து காத்திருக்கிறார்கள். நாங்கள் ஐஸு மியஷிடா ஸ்டேஷனில் இறங்கினோம். அதுதான் மிஷிமா ஊர்.

ஜப்பானிய பாஷையில் 'அமு' என்றொரு வினைச்சொல் உண்டு. கம்பளி பின்னுவதும் அமு, கூடை முடைவதும் அமு, சடை போடுவதும் அமு. புஸ்தகம் தொகுப்பதும் அமுவே. மிஷிமாவில் அந்தச் சொல்லின் வேர் இருக்கிறது. அவ்வூரில் அகழ்ந்தெடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துப் பழைய குடியிருப்பிலேயே பின்னல் துண்டுகள் அகப்பட்டிருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் பனி மூடும் குளிர்காலத்தில் வயல் வேலை கிடையாது. ஜனங்கள் அடுப்பருகே அமர்ந்து அடுத்த வருஷத்துக்கு வேண்டிய கூடைகளையும் பைகளையும் பின்னினார்கள். பின்னுவது குளிர்காலத்தில் என்றாலும், அதற்கு வேண்டிய பொருளைத் தருவது பெரும்பாலும் கோடைதான். காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டை ஜூன் மாதத்தில் சில வாரமே சுலபமாக உரியும். கொடி நீரை மேலே உறிஞ்சும் காலம் அது. அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த ஜூன்தான். வெளிப் பட்டையைக் கழித்து, உட்பட்டையை உலர்த்தி, ஒரே அகலமாகக் கிழித்து, நனைத்து நனைத்துப் பின்னுகிறார்கள். முன்பெல்லாம் கோடரியுறைக்கும் களத்துக் கூடைக்கும் உதவிய அந்தப் பட்டையில் இப்போது கைப்பைகள் செய்கிறார்கள். கைபடக் கைபட மினுமினுப்பு ஏறும். பாட்டி பின்னியதைப் பேத்தி தூக்கலாம்.

1981-ல் இவ்வூரார் 'வாழ்க்கைக் கைத்தொழில் இயக்கம்' ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டு உபயோகத்துக்கென்று தாத்தாக்கள் பின்னியதை ஊரின் மானமாக வைத்துக் காப்பதென்று தீர்மானித்தார்கள். 2003-ல் தேச அரசாங்கம் இதைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. இன்று திராட்சைப் பட்டைப் பை லக்ஷம் யென்னுக்கு மேலும் விலை போகிறது. அதே மாதிரி தோற்றத்தில் வெளிநாட்டு மலிவுச் சரக்கும் கடைகளில் வந்து குவிகிறது. விலை ஏறியதால் மட்டும் தொழில் பிழைத்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஊரின் ஜனத்தொகை 2020-ல் ஆயிரத்தைந்நூறு கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர். பட்டை எந்த வளைவில் நன்றாயிருக்கும், எந்தச் சரிவில் கொடி பழுத்தது என்று அறிந்த கால்கள் மலையேற முடியாமல் போனால், விரலில் உள்ள வித்தை மட்டும் என்ன செய்யும்? வெளியூர் வாலிபர்கள் சிலரை வரவழைத்து ஓராண்டு ஊரிலேயே குடியிருக்க வைத்து, பயிர் வேலை முதல் பின்னல் வரை கற்பிக்கிறார்கள். எத்தனை பேர் நிலைத்துத் தங்குவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸர்டிபிகேட்டை விட இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

கைத்தொழில் கூடத்தில் ஒரு பாட்டியார் ஹிரோரோ என்னும் மலைக்கோரைக் கயிறு திரித்துக் கொண்டிருந்தார். ஹிரோரோவைச் செப்டம்பரில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருந்தது போன வருஷத்துப் புல். அதை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து முறுக்கி மெல்லிய கயிறாக்கி, அந்தக் கயிற்றால் தோள்பை பின்னினால், லேஸ் வேலையோ என்று மயங்கும்படி இருக்கிறது. எங்கள் ரேயான் பையை எடுத்துக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடிவட்டத்தை விரலால் தடவிக் கணக்கெண்ணினார், தலையை ஆட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் சிறு கற்றைப் புல்லை எங்கள் பக்கம் தள்ளி, எப்படி முறுக்குவதென்று இருமுறை செய்து காட்டினார். இருவரும் உட்கார்ந்து முறுக்கினோம். ஊர் வண்டிக்கு நேரமாகும்வரை முறுக்கியதில் இரண்டு பேருமாக ஒரு முழம் தேறிற்று. அந்த ஒரு முழத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, பாட்டியார் தம் கயிற்றின் நுனியோடு சேர்த்து முறுக்கிக் கொண்டு மேலே திரிக்கலானார்.