குறிப்பேட்டிலிருந்து அவைக்கு

புத்தாண்டில் நாட்குறிப்பு எழுதத் தொடங்குவோரில் பலர் தை பிறப்பதற்குள் ஓய்ந்துவிடுவதுண்டு. ஜான் குவின்சி ஆடம்ஸ் 1779-இல், தமது 12-ஆம் வயதில் தொடங்கி, 1848-இல் மறையும் காலம்வரை எழுதினார். 51 தொகுதிகள், 14,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் அவற்றை இணையத்தில் எவரும் காணும்படி வைத்திருக்கிறது. நண்பர்கள் சிலர் கூடி அவற்றைப் புரட்டியபோது நாங்கள் தேடியது அமெரிக்காவின் ஆறாவது அதிபரை. கிடைத்தவரோ வேறொருவர்.

அதிபராக அவர் சோபிக்கவில்லை. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும் ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அவைத் தலைவர் ஹென்றி கிளேயின் ஆதரவால் ஆடம்ஸ் வென்றார். கிளேயையே வெளியுறவுச் செயலராக்கினார். பேரம் பேசினார் என்ற பழி கடைசிவரை நீங்கவில்லை. 1828-இல் ஜாக்சனிடம் தோற்றார்.

எங்களைத் தடுத்து நிறுத்தியவை 1820-ஆம் ஆண்டின் பக்கங்கள். மிசௌரியை அடிமைமுறை மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய சர்ச்சை நடந்த காலம் அது. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஆடம்ஸ், அடிமைமுறை நாட்டின் பெருங்களங்கம் என்று தம் ஏட்டில் எழுதுகிறார். வெளியிலோ சமரசத்தை ஆதரித்தார். அதிபரான பின்னும் அதற்கெதிராகக் களமிறங்கவில்லை. ஏடு அறிந்ததை ஊர் அறியவில்லை.

தோல்வி அவர் நாவை அவிழ்த்தது. முன்னாள் அதிபர் என்ற பெருமிதத்தை ஒதுக்கிவிட்டு, 1831-இல் பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பங்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் 'வாய்ப்பூட்டு விதி' 1836-இல் அங்கே நிறைவேறியது. உரிமைகளிலேயே எளியது விண்ணப்பிக்கும் உரிமை, கெஞ்சுவதற்கான உரிமை. அதையும் மறுத்தால் எஞ்சுவது என்ன? ஆடம்ஸ் விண்ணப்பங்களோடு எழுந்துகொண்டே இருந்தார். 1837-இல், அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட விண்ணப்பம் ஒன்றை ஏற்கலாமா என்று வினவினார். அவை கொதித்தெழுந்தது. அவர்கள் கேட்டது விடுதலையே அல்ல என்பதை, உறுப்பினர்கள் கத்தி ஓய்ந்தபின் நிதானமாகத் தெரிவித்தார்! 1841-இல் அமிஸ்டாட் கப்பலின் ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை பெற்றனர். 1842-இல் அவரைக் கண்டிக்கக் கொண்டுவந்த தீர்மானம் வீழ்ந்தது. 1844 டிசம்பரில் வாய்ப்பூட்டு விதியும் 108-க்கு 80 என்ற வாக்கில் நீங்கியது.

எழுத்தை நேசிக்கும் நாம், ஒருவர் தனிமையில் எழுதுவதே அவருடைய உண்மை முகம் என்று கருத விரும்புகிறோம். ஆடம்ஸ் அந்த நம்பிக்கையை அசைத்துவிடுகிறார். 1820-க்கும் 1836-க்கும் இடையே அடிமைகளாகவே மாண்டவர்களுக்கு அந்த ஏட்டால் விளைந்த பயன் என்ன? பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் மனசாட்சி, உடையவருக்கு ஆறுதல் தரலாம். பிறருக்கு அது மௌனமே. ஆயினும் அந்தப் பக்கங்கள் வீணென்றும் தள்ள மனம் வரவில்லை. பேசத் துணிந்த நாளில் அவர் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை, சொற்கள் காத்திருந்தன.

1848 பிப்ரவரி 21 அன்று, மெக்சிகோப் போர்த் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் அவைக்கு வந்தது. அந்தப் போரை எதிர்த்துவந்த எண்பது வயது ஆடம்ஸ் உரத்த குரலில் மறுப்பு வாக்களித்தார். சற்று நேரத்தில் தம் இருக்கையில் சரிந்தார். இரண்டு நாள் கழித்து, அதே கட்டடத்தில், அவைத் தலைவரின் அறையில் உயிர் பிரிந்தது. அந்தக் கடைசி மறுப்பைக் கேட்க நாட்குறிப்பைத் திறக்க வேண்டியதில்லை. அவை முழுவதும் கேட்டது.