குளிர்காலமும் என் பாய்வள்ளமும்

ரொறன்ரோவில் பாய்வள்ளம் வைத்திருப்பவருக்கு வருடம் இரண்டு பாதி. மே முதல் ஒக்டோபர் வரை வள்ளம் அவரைச் சுமக்கும். மிச்ச ஆறு மாதமும் அவர்தான் வள்ளத்தைச் சுமக்க வேண்டும்.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அந்தப் பக்கத்துக் குளிர்காலத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கிடுகால் மூடிவிடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கியது ஒன்ராறியோவில் கட்டிய 25 அடி 'சி அண்ட் சி'. குளிர்காலப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர், வள்ளங்கள் ஏற்றிவைக்கும் முற்றத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

பனி பெரிய எதிரி இல்லை, தேங்கும் தண்ணீர்தான் எதிரி என்பார் அவர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். மேல்தளத்தில் ஒரு ஆணி ஓட்டையால் இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் பால்சா மரத்தில் ஊறி, உறைந்து, கண்ணாடியிழையைப் பிரித்துவிடும். வசந்தத்தில் மிதித்துப் பார்த்தால் பஞ்சுபோல அமுங்கும்.

அதனால் முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. குடிநீர்த் தாங்கி, கழிப்பறைக் குழாய், வள்ளத்தின் அடிவயிறு எல்லாம் வெறுமையாக வேண்டும். எஞ்சினுக்குள் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பானை ஓடவிட்டு, புகைக்குழாயால் அதே நிறம் வரும்வரை பார்க்க வேண்டும். காரில் ஊற்றும் பச்சை வேண்டாம், அது நஞ்சு. அடியில் உள்ள அடைப்பான்களைத் திறந்தே விடுவேன். பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தால் எங்கள் குளிரில் உறையாது. இறங்கிய பற்றரிதான் உறைந்து வெடிக்கும். வள்ளத்தை ஏற்றி நிறுத்தும்போதே முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கப் பார்த்துக்கொண்டால், உள்ளே போகிற தண்ணீர் பின்னால் ஓடி வடிகுழாயால் போய்விடும். அந்தக் குழாயை ஒரு பிடி மேப்பிள் இலை அடைத்தால் போதும், எல்லாம் கெட்டது.

இரண்டாவது கூரை. இதில் எங்கள் ஊர்க் கிடுகு வீடுதான் எனக்கு வாத்தியார். பாய்மரத்தைக் கழற்றி முன்னுக்கும் பின்னுக்கும் முட்டுக்கொடுத்துப் படுக்கவைத்தால் அதுவே முகட்டுவளை. இரண்டு பக்கமும் மரச் சட்டம் வைத்து, செங்குத்தாகச் சரித்துத் தறப்பாள் போட வேண்டும். புதுப் பனி பஞ்சுபோல இருக்கும். ஈரமாகிப் படிந்தால் ஒரு கனமீற்றர் 300, 400 கிலோ வரும். தட்டையான தறப்பாள் அதற்குத் தாங்காது. சட்ட முனைகளில் பழைய கம்பளத் துண்டு சுற்றினால் தறப்பாள் கிழியாது. இரண்டு முனையையும் காற்றுப் போக விடவேண்டும். இறுக்கி மூடினால் வசந்தத்தில் உள்ளே பூஞ்சணம்தான்.

மூன்றாவது, கயிற்றை எங்கே கட்டுவது என்பது. வள்ளத்தின் அடியால் எடுத்து மறுபக்கத் தறப்பாளிலேயே கட்டவேண்டும். வள்ளத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களில் ஒருநாளும் கட்டக்கூடாது.

இதை எனக்கு நூறு தரம் சொன்னவர் அந்தப் பெரியவர். 2013 இலையுதிர் காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வள்ளத்தை மூடியது வேறு ஊரிலிருந்து ஒரு நாள் வந்துபோன அவருடைய மகன். டிசம்பர் 21, 22இல் உறைமழை பெய்து நகரம் இருளில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் வந்தபிறகு முற்றத்துக்குப் போனேன். என் கூரையில் ஒரு விரல் தடிப்புக்குக் கண்ணாடிபோல ஐஸ், ஆனால் சட்டம் நின்றது. அவருடைய தறப்பாள் தட்டையாக அமர்ந்து கிழிந்திருந்தது. அடுத்த நாட்களில் அடித்த காற்றில் கிழிந்த தறப்பாள் பாய்போல விரிந்து, கயிறு கட்டியிருந்த தாங்கியை இழுத்துச் சரித்துவிட்டது. வள்ளம் ஒருபக்கமாக விழுந்து உடைந்தது.

மகன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவுக்கு யார் சொல்வது?" இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். பெரியவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மகனுடைய கையைப் பிடித்து, "பக்கத்து வள்ளத்தில் படவில்லைத்தானே?" என்று கேட்டார். அவர் பிறகு வள்ளம் வாங்கவில்லை. அவருடைய ஏணி இப்போது என்னிடம் இருக்கிறது.

இப்போது எனக்கு 74. மனைவி, "பனிக்காலத்தில ஏணியில ஏறாதேங்கோ" என்கிறா. அவ சொல்வது சரி. இந்த வருடம் கூரை போட்டது மகனும் பேரப்பிள்ளையும். நான் கீழே நின்று, எந்தக் கயிறு எங்கே போகவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களையே கட்டவைத்தேன். ஒவ்வொரு பெரும் பனிக்குப் பிறகும் யாராவது போய்ப் பார்க்கிறோம். உள்ளேயிருந்து தும்புத்தடியால் மெல்லத் தட்டினால் பனி சரிந்து விழும். சவளோ சுத்தியலோ வேண்டாம்.

இங்கே வள்ளமோ, வீட்டு முற்றத்தில் ஒரு சின்னத் தோணியோ வைத்திருப்பவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாங்கள் போகமுடியாத வருடத்தில் அவர்கள்தான் கட்டவேண்டிவரும்.