நாற்பது வாட் பல்பும் ஓர் ஊரின் பாட்டும்

அட்லாண்டாவிலிருந்து காரில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஏதென்ஸ் வந்துவிடும். கிரேக்க ஏதென்ஸ் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ். ஜார்ஜியா பல்கலைக்கழகம்தான் ஊரின் உயிர்நாடி. பகலில் புத்தகப்பையும் கையுமாகத் திரியும் பிள்ளைகள், இருட்டியதும் கடைத்தெருப் பக்கம் நடையைக் கட்டுகிறார்கள். அவர்களில் ஒரு கூட்டம் மட்டும் தனி ரகம்: கல்லூரி வானொலிக்காரர்கள்.

டபிள்யூயுஓஜி, 90.5 எஃப்.எம். 1972லிருந்து மாணவர்களே நடத்தும் நிலையம். அமெரிக்காவில் எஃப்.எம். அலைவரிசையின் அடிப்பகுதி, அதாவது 88லிருந்து 92 வரை, வணிகநோக்கமற்ற நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. விளம்பரதாரருக்குப் பயந்து ஹிட் பாட்டுகளையே திருப்பித் திருப்பிப் போடவேண்டிய கட்டாயம் இல்லை. யாருக்கும் பெயர் தெரியாத குழுவின் பாட்டு, நள்ளிரவில் இங்கே ஒலிக்கும். அந்தக் குழு ஊருக்கு வருகிறது என்று தெரிந்தால், பாட்டைப் போட்ட பிள்ளைகளே முதல் ஆளாகப் போய் நிற்பார்கள்.

போகுமிடம் பெரும்பாலும் வாஷிங்டன் தெருவிலுள்ள '40 வாட் கிளப்'. 1970களின் கடைசியில் பைலான் குழுவின் டிரம்மர் கர்டிஸ் குரோ, மாடியறை ஒன்றில் ஒற்றை 40 வாட் பல்பைத் தொங்கவிட்டு நடத்திய விருந்துகளிலிருந்து வந்த பெயர் அது. பல இடங்கள் மாறி, 1991லிருந்து இப்போதைய கட்டடத்தில் இருக்கிறது.

வாரநாள் இரவில் வரும் புதுக்குழுவுக்குக் கூட்டம் சேர்வது சந்தேகம்தான். முப்பது பேர் வந்தாலே பெரிது. கிதார், டிரம், ஆட்கள் எல்லாம் ஒரே வேனில் அடைந்து வந்திருப்பார்கள். வாசலில் வசூலாகும் பணமும், மூலையில் மேஜை போட்டு விற்கும் டி-சட்டை, ரெக்கார்டுப் பணமும்தான் அடுத்த ஊருக்கான பெட்ரோல். வானொலிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கினால் வேன் நகரும். முன்வரிசையில் நாலு பேர் பாட்டைக் கூடவே பாடினால், பாடுகிறவருக்கு முகம் மலர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஊரில் தன் பாட்டு மனப்பாடமாகியிருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு ஊரே சாட்சி. ஓகோனி தெருவில் தேவாலயக் கோபுரம் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது. கைவிடப்பட்ட அந்தத் தேவாலயத்தில், 1980 ஏப்ரல் 5 அன்று, ஒரு பிறந்தநாள் விருந்தில் நாலு இளைஞர்கள் முதன்முதலாக வாசித்தார்கள். அவர்கள்தான் ஆர்.இ.எம். அடுத்த ஆண்டு வந்த அவர்களின் முதல் இசைத்தட்டை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கல்லூரி வானொலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகப்புகழ் வந்தது பத்தாண்டு கழித்து. அதுவரை கைவிடாமல் கேட்டவர்கள் மாணவர்கள். அந்தக் குழுவின் பீட்டர் பக் வேலைபார்த்த 'வக்ஸ்ட்ரி' ரெக்கார்டு கடையை, தேடிவரும் ரசிகர்கள் தவறவிடுவதில்லை.

ஆனால் எல்லா நிலையங்களுக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. பக்கத்து அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்களின் டபிள்யூஆர்ஏஎஸ், ஒரு லட்சம் வாட் சக்தி கொண்டது. 2014ல் அதன் பகல்நேர ஒலிபரப்பு மாநிலப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. மாணவர்களுக்கு மிஞ்சியது இரவுதான். நாஷ்வில், ஹூஸ்டன் நகரங்களில் பல்கலைக்கழகங்கள் மாணவர் அலைவரிசைகளை விற்றே விட்டன. போனில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் கேட்டவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடி, வேனுக்குப் பெட்ரோல் போடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே!

ஏதென்ஸ் போகிறவர்கள் கல்லூரி நடக்கும் மாதங்களில் போவது நல்லது. கோடை விடுமுறையில் ஊர் பாதி காலி. காரிலேயே 90.5 வைத்துக்கொண்டால், அன்றிரவு யார் வாசிக்கிறார்கள் என்பது காதில் விழக்கூடும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது உசிதம், சத்தம் அதிகம்.

கச்சேரி முடிய நள்ளிரவாகும். வேன் கிளம்பிப் போய்விடும். காலையில் வகுப்பு இருந்தாலும், ஒரு பிள்ளை நிலையத்துக்குப் போய், இரவு வாங்கிய ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து ஊசியை வைக்கும். எங்கோ நெடுஞ்சாலையில் யாரோ ஒருவர் ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார்.